பாயை மிதிக்காத ஓட்டம்

கண்ணுங்களா, அப்பா ஏமாற்றி ஓடினார் என்று இணையத்தில் படித்து அழுதீர்களே, நடந்தது இதுதான்.

மயிலாப்பூர் வழியாகப் போன மாரத்தானில் ஒரு பிள்ளையார் கோயில் வந்தது. கும்பிட ஓரமாக ஒதுங்கியவன், சாலையில் விரித்திருந்த, ஓடுபவர் மிதித்தால் நேரம் பதியும் பாயை மிதிக்காமலே தாண்டிவிட்டேன்.

ஓட்ட மோசடிகளைத் துப்பறியும் இணையக் குழுவில் அந்த இடத்தில் நேரம் பதியாத என் பெயரைப் போட்டு, “இன்னா நைனா, குறுக்குச் சந்துல பூந்துட்டியா?” என்று கேட்டார்கள். எனக்குச் சாட்சி யாருமில்லை.

அதே குழுவில் யாரோ ஒருவர், ஊரார் எடுத்த படங்களையெல்லாம் துழாவி, வேறொருவர் படத்தின் பின்னணியில் கடுகளவு தெரிந்த என்னைக் கண்டுபிடித்தார்! “பாய்க்குப் பக்கத்துல பாருங்கப்பா, மனுசன் தோப்புக்கரணம் போட்டுக்கினு கீறாரு!” உடனே எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். அது என்ன கண்ணோ!

இப்போதெல்லாம் பாயை மிதித்த பிறகுதான் சாமி. மன்னிப்புக் கேட்ட அன்று நீங்கள் பள்ளிக்குப் போனதும், என்னைக் கண்டுபிடித்தவரின் முகப்படம்கூட இல்லாத பக்கத்தைச் செல்போனில் திறந்துவைத்துக் கைகூப்பினேன்.