காலையிலேயே போட்ட கையெழுத்து

எங்கள் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளோடு போய்வந்த ஆயாவுக்கு அலுவலகத்தில் ‘ஒண்ணுரெண்டு’ என்று பெயர். பிள்ளைகள் ஏறும்போது ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவார். பத்தொன்பது தலை. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். பெயர் வைத்தவன் நான்தான். பள்ளி எழுத்தருக்கு வேறென்ன வேலை, அடுத்தவர்களுக்குப் பெயர் வைப்பதும் பதிவேடுகளைப் பத்திரமாக வைப்பதும்தான்.

ஆயாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. வீட்டில் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. காலையில் அவரைத் துடைத்து, ஊட்டி, துணி மாற்றிவிட்டு வருவார். சாயங்காலம் போய் மறுபடியும் அதே வேலை. இடையில் எந்தப் பிள்ளையைப் பின் சீட்டில் உட்கார வைத்தால் வாந்தி எடுக்கும், எது பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளையின் விரல்கூடக் கதவில் நசுங்கியதில்லை.

வேனுக்கென்று என் மேசையில் ஒரு பதிவேடு இருந்தது. காலையில் எல்லாப் பிள்ளைகளும் வந்து சேர்ந்ததற்கு ஒரு கையெழுத்து, மாலையில் கடைசிப் பிள்ளையை வீட்டில் ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து. மாலையில் வேன் பள்ளிக்குத் திரும்பாது. நேராக டிரைவர் வீட்டுக்குப் போய்விடும். அதனால் ஆயா இரண்டு கட்டத்திலும் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்கு முன்பிருந்தவர் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். சாயங்காலம் நடக்கப்போவதற்குக் காலையிலேயே சாட்சி. பேனாவை நீட்டியவன் நான். ஒரு நாளாவது இது என்ன கூத்து என்று எனக்குத் தோன்றியதா என்றால், இல்லை.

வேன் போகிற வழியில் ஆயாவின் தெரு முன்னால் வரும். கடைசி வீடு புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று.

“ஒத்தப் பிள்ளைதானேக்கா, நான் பாத்துக்கறேன். நீங்க எறங்கிப் போய் மாமாவ கவனிங்க,” என்று டிரைவர்தான் முதலில் சொன்னான். நனைந்த துணியோடு கிடக்கிற மனிதரை நினைத்து ஆயாவும் இறங்கிவிட்டார். ஒரு நாள் உதவி ஒன்றரை வருடமாக நீண்டது.

டிரைவரை எல்லோருக்கும் பிடிக்கும். மழை பெய்தால் குடை பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவிடுவான். அவன் பெயரைச் சொன்னாலே பெற்றவர்கள் முகம் மலரும். என் முகமும்தான்.

அந்தக் குழந்தை தினமும் கேட்குமாம், “ஆயா, இன்னைக்கு எங்க வீடு வரைக்கும் வரீங்களா?” இதை ஆயா என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். “பாத்துக்கோங்க சார், என் மேல அவ்வளவு பாசம்.” நானும் தலையாட்டிச் சிரித்தேன்.

ஒரு வாரம் ஆயாவின் நாத்தனார் அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். அவசரம் இல்லையே என்று முதல் நாளே ஆயா இறங்காமல் வேனில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். வண்டி ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஆயாவுக்குப் புரியவில்லை. குழந்தை அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தது. எப்போதும் ஆகிற நேரத்தில் பாதியில் வீடு வந்துவிட்டது.

வாசலில் குழந்தை கேட்டது, “நாளைக்கும் வருவீங்களா?”

“ஏன்டா தங்கம்?”

“நீங்க எறங்கிட்டா டிரைவர் மாமா முன்னாடி சீட்டுக்கு வரச் சொல்லுவாரு. வண்டி வேற பக்கம் போயி நிக்கும்.”

ஆயா அதற்கு மேல் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அம்மாவிடம் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். தான் வழியில் இறங்கிவிடுவதையும் சொன்னார்.

மறுநாள் காலை என் மேசைக்கு முன் வந்து நின்றார். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. இரவெல்லாம் தூங்காத முகம். நடந்ததைச் சொன்னார். பெரிய மேடத்தின் அறைக்கு நானும் கூடப் போனேன்.

குழந்தையின் அம்மா இரவே மேடத்துக்குப் போன் செய்திருந்தார்; மேடமும் டிரைவரைக் கேட்டுவிட்டிருந்தார். மேடம் பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினார். “தினமும் வீட்ல விட்டேன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே. இப்ப வந்து வண்டியில கூடப் போகலைன்னு சொன்னா, இத்தனை நாளும் பொய்யா? டிரைவர் என்ன சொல்றார் தெரியுமா? உனக்கு அவர்மேல ஏதோ கோபமாம். நல்லா யோசி. முதல்ல மாட்டப்போறது நீ.”

“யோசிச்சுட்டேன் மேடம். நான் கூடவே இருந்தேன்னு சொன்னா பிள்ளை சொல்றது பொய்யாயிடும். நான் இல்லைன்னு எழுதித் தரேன்.”

அங்கேயே ஒரு தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி எழுதினார். காலையிலேயே இரண்டு கையெழுத்தும் வாங்கியது யார் என்று அதில் இல்லை. என்னைக் காப்பாற்றுகிறாராம். நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நிம்மதியை ஒரு நிமிடத்துக்கு மேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை. அதே தாளில் கீழே எழுதினேன்: மாலைக் கையெழுத்தைக் காலையில் வாங்கியவன் நான், பதிவேட்டை நம்ப வேண்டாம்.

மேடம் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். விசாரிக்கலாம் என்றார். ஆயா வெளியே வந்து, என் போனை வாங்கி, குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்தார். குழந்தையின் அம்மாவும் அதற்குள் காவல் நிலையம் போயிருந்தார். மறுநாள் ஒரு பெண் போலீஸ் அதிகாரி சாதாரண உடையில் குழந்தையின் வீட்டுக்குப் போய், அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்து, அவசரப்படுத்தாமல் கேட்டார். குழந்தை சொன்னது. டிரைவரைக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு, முந்தைய வருடங்களில் ஆயா லீவு போட்ட நாட்களில் கடைசியாக இறங்கிய இன்னொரு பிள்ளையின் அப்பாவும் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆயாவுக்கு வேலை போனது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. படித்தவனுக்குக் கடிதம், படிக்காதவளுக்கு வாசல். பள்ளிக்கூடம்தானே, வித்தியாசம் தெரிந்துதான் நடக்கும்.

ஒரு மாதம் கழித்து ஆயா குழந்தையைப் பார்க்கக் கிளம்பினார். தனியாகப் போகக் கால் வரவில்லை என்று என்னையும் கூப்பிட்டார். அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

“நீங்க எழுதிக் கொடுத்ததாலதான் நம்புனாங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா உங்களப் பார்த்தா அந்த ஒன்றரை வருஷம்தான் ஞாபகம் வருது.”

“நியாயம்தாம்மா,” என்றார் ஆயா. “பிள்ளை சாப்பிடுதா?”

அம்மா சொன்னார்: “இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னு கேட்டேன். சொன்னா ஆயாவுக்கு வேலை போயிடும்னு அவன் சொன்னானாம். ஆயா வீட்ல தாத்தாவுக்கு மருந்து வாங்க முடியாதுன்னு சொன்னானாம்.”

ஆயா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “வேலை போனது பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியாது. நான் சொல்லல.”

“நான் சொல்றேம்மா. ஸ்கூல்ல யாராவது சொல்லிடுவாங்க. அப்புறம் பிள்ளை தன்னாலதான்னு நினைச்சுக்கும்.”

அம்மா கதவை முழுக்கத் திறந்தார். குழந்தை உள்ளறையிலிருந்து வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஆயாவால் குனிய முடியாது, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆயாவுக்கு வேலை போயிடுச்சு கண்ணு. நீ சொன்னதால இல்ல. நீ தினமும் கூப்பிட்டும் ஆயா வராம எறங்கிப் போனேன்ல, அதனால. புரியுதா?”

குழந்தை தலையாட்டியது.

திரும்பி வருகையில் பேருந்து நிறுத்தத்தில் ஆயா கேட்டார், “தலையாட்டுச்சே சார், நம்பிடுச்சா? இல்ல எனக்காக ஆட்டுச்சா?”