கோமளா கொடுத்த வேர் மருந்து

பட்டாபிராமில் இருந்த தாயம்மாளுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவன் உலகநாதனுக்கு வாக்கப்பட்டவள் கோமளா. அதற்குப் பத்தொன்பது வருஷம் கழித்து இளையவன் கோகுல்நாத்துக்கு வந்தவள் தேவிப்பிரியா. தாயம்மாள் கண்ணை மூடிய பிறகும் அந்த வீட்டில் அடுப்பு ஒன்றுதான். ஓரகத்திகள் என்று பேர்தானே தவிர, கோமளாதான் தேவிப்பிரியாவுக்குத் தலை பின்னிவிடுவாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் கோமளா டெய்லர். நாற்பத்தெட்டு வயதில் வலது ஆள்காட்டி விரலில் மரு வந்தது. ஒன்று நாலாயிற்று. மெல்லிய துணியைத் தள்ளும்போதெல்லாம் இழை அதில் மாட்டிக் கிழிந்தது. மரு உதிர வேண்டித் திருவேற்காட்டு அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்து இரண்டு மாதம் பார்த்தாள். அப்புறம்தான் ஆவடியில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். அவர் ஒரு சின்ன பாட்டில் மருந்து கொடுத்தார்.

“மலையில வளர்ற ஒரு செடியோட வேர்ல இருந்து எடுக்கிறதும்மா இது. மரு எப்படிப் பெருகுது? உள்ள இருக்கிற செல் ஒண்ணு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாப் பிரியும். பிரியறப்போ நூல் மாதிரி சிலது உண்டாகி ரெண்டு பக்கமும் இழுக்கும். இந்த மருந்து அந்த நூலைச் சேரவிடாது. பிரிய முடியாம அது செத்துடும். மரு கறுத்து உதிர்ந்துடும்.”

“நூலு இல்லாம மிஷினு ஓட்ற மாதிரின்னு சொல்லுங்க.”

“அதேதான். நல்ல தோல்ல படக்கூடாது. மூணு நாள் வெச்சா நாலு நாள் விட்டுடணும். மாசமா இருக்கறவங்க தொடவே கூடாது. நீங்க எப்படி?”

கோமளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இன்னா சார் நீங்க! எம் புள்ளயே காலேஜி முடிச்சுட்டான்!”

டாக்டரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சும் போயிற்று.

ஐந்தாவது வாரம் விரல் வழுவழுவென்று ஆகிவிட்டது. அதற்குள் தேவிப்பிரியாவின் கைகளில் ஏழெட்டு மரு. ஒரே துண்டில் கை துடைத்ததில் தன்னிடமிருந்துதான் ஒட்டியது என்று கோமளாவுக்கு உறுத்தல். மீந்த பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“இந்தாடி. மூணு நாளு வெச்சுட்டு நாலு நாளு வுட்டுரு.”

“வேற எதுனா சொன்னாராக்கா டாக்டரு?”

“நல்ல தோல்ல படாம வைக்கணுமாம். அவ்ளோதான்.”

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து தேவிப்பிரியாவுக்கு அப்போதுதான் நாற்பது நாள் தள்ளிப் போயிருந்தது. மூன்று மாதம் முடியும்வரை புருஷனைத் தவிர யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, கண்ணு பட்டுவிடும் என்று அவள் அம்மா வேம்புலியம்மாள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். வெளியே சொல்ல முடியாமல்தான் அவள் அப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாள். கோமளாவுக்கு அது எங்கே புரிந்தது?

மரு சீக்கிரம் உதிரட்டும் என்று தேவிப்பிரியா நாள் விடாமல் தடவினாள். தோல் புண்ணாயிற்று. புண்ணின் மேலும் தடவினாள். மூன்றாவது வாரம் உதிரம் கண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே வராந்தாவில் நின்றபோதுதான், அவள் மாசமாக இருந்தாள் என்று கோமளாவுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷமே தோல் டாக்டர் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தது.

ஆரம்பத்தில் காரணமே இல்லாமல் இப்படி நிறைய பேருக்குக் கலையும் என்றாள் பிரசவ டாக்டர். தேவிப்பிரியா கேட்கவில்லை.

“கொரட்டூர் வரிக்கும் ஸ்கூட்டில போனேன்க்கா. பள்ளத்துல ஏத்தி இறக்கினேன். நானே கொன்னுட்டேன்க்கா.”

“அய்ய, அப்டிலாம் சொல்லாதடி” என்று தலையைத் தடவினாள் கோமளா. மருந்துப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் தனியாக ஆவடிக்குப் போய்த் தோல் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“பெருகுறதைத்தான் அது நிறுத்தும். மருவா குழந்தையான்னு அதுக்குத் தெரியாதும்மா. புண்ணு மேல நிறைய வெச்சா உடம்புக்குள்ள போகும். ஆனா இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது.”

அன்றைக்கே சொல்லிவிட நினைத்துத்தான் வீட்டுக்கு வந்தாள். தேவிப்பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். அப்படியே நாள் தள்ளிப்போயிற்று. தேவிப்பிரியா ஸ்கூட்டியை விற்றாள். பிறகு அவளும் கோகுல்நாத்தும் நூம்பல் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிபோனார்கள். கோமளா அங்கேயும் அடிக்கடி போய் வந்தாள்.

மூன்று வருஷம் கழித்து தேவிப்பிரியா மறுபடி மாசமானாள். டாக்டர் நடக்கச் சொல்லியும் கட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள், ‘இதையும் நானே கொன்னுடுவேன்’ என்று புலம்புகிறாள் என்று கோகுல்நாத் போனில் அழுதான். கோமளா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நூம்பலுக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“உன் ஸ்கூட்டி ஒண்ணும் பண்ணலடி. மாசமா இருக்கறவங்க அந்த மருந்த தொடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. நான் உன்னாண்ட சொல்லல.”

தேவிப்பிரியா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். “அதனாலதான்னு எப்பக்கா உனக்குத் தோணுச்சு?”

“ஆஸ்பத்திரிலயே.”

“தெரியாம குடுத்தே. நானும் மாசம்னு சொல்லல. அது போவட்டும். மூணு வருசமா நான் அழுவும்போதெல்லாம் பக்கத்துலயே குந்திகினு தலைய தடவுனியே, அதுக்கு இன்னாக்கா சொல்றே?”

கோமளா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தேவிப்பிரியா கட்டிலைவிட்டு இறங்கித் தெருமுனை வரை நடந்தாளாம். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பேர் வைக்கிற அன்றைக்கு உலகநாதனும் கோமளாவும் போனார்கள். வந்தவர்கள் கிளம்பும்போது தேவிப்பிரியா ஒவ்வொருவர் கையிலும் தாம்பூலப் பை கொடுத்தாள். அந்த வரிசையில் கோமளாவுக்கும் ஒன்று கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.