பானைக் குவியலுக்குப் பின்னால் சித்தி

மட்டாஞ்சேரிச் சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. பானை, பாய், மூங்கில் கூடை எல்லாம் செய்தவர்களே கொண்டுவந்து விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது.

துணி வெளுத்துத் தேய்க்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குப் பெண் பார்க்க வருமுன், மாப்பிள்ளை வீட்டார் சந்தையில் தூர நின்று பெண்ணைப் பார்த்துக்கொள்வது அப்போது எங்கள் வழக்கம். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லை. பெண்ணிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சித்தியின் தலையில் கனகாம்பரம் வைத்து, பாய்க்கடை அருகே நிற்கச் சொல்லி எங்கள் இருவரையும் அனுப்பினாள். பூதான் அடையாளம் என்று அம்மா கிசுகிசுத்ததைச் சித்தி முன்பே கேட்டிருந்தாள். பள்ளுருத்தியிலிருந்து பார்க்க வரும் மாப்பிள்ளைக்குக் கோபம் அதிகம் என்று ஊரார் பேசியதையும்தான்.

சித்தி நிற்கவில்லை. கூடைக்கடைக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். என்னையும் இழுத்தாள். பிறகு பூவை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, பானைக்காரம்மாவிடம், "நீங்க ஒரு சாயா குடிச்சிட்டு வாங்கக்கா, கடைய நான் பாத்துக்கறேன்" என்று அவள் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வெறுங்காலில் தரை சுட்டது. "போலாம் சித்தி" என்று நச்சரித்தேன்.

"சும்மா இரு. அந்தா வர்றாங்க. சட்டை மடிப்பப் பாரு, நம்மாளு தேச்சது."

ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். அந்த அம்மா ஒரு சட்டிக்கு விலை கேட்டாள். சித்தி கூசாமல் இரட்டிப்பாகச் சொன்னாள்.

"தங்கத்துலயா செஞ்சுது?"

"தங்கத்துல மீன் கொழம்பு ருசிக்காது."

மகன் குனிந்தபோது முழங்கை இடித்து ஒரு மூடி உடைந்தது.

"கண்ண வீட்டுலயே வெச்சிட்டு வந்தீங்களா?" என்றாள் சித்தி.

"வழியில வெச்சா ஒடையாம என்ன செய்யும்?" என்று அவன் அம்மா சண்டைக்கு வந்தாள்.

"விடும்மா, எங் கைதான் பட்டுச்சு. தப்பாயிடுச்சு சேச்சி" என்று அவன் உட்கார்ந்து ஓடுகளைப் பொறுக்கினான். "புள்ள செருப்பில்லாம நிக்குது."

அவர்கள் பாய்க்கடைக்குப் போய்க் கூட்டத்தில் யாரையோ தேடினார்கள். சித்தி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பானைக்காரம்மா திரும்பியதும் மடியிலிருந்த பூவை எடுத்துத் தலையில் வைத்தாள். "வா, போய் நிக்கலாம்."

அவன் அம்மா வாயைப் பிளந்தாள். அவன் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

தை மாதம் கல்யாணம். பெண்ணைச் சந்தையில் பார்த்துப் பிடித்துவிட்டதாம் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சில வருஷம் கழித்து என்னையும் அந்தச் சந்தையில் கொண்டு நிறுத்தினார்கள். நான் தலையைத் தூக்கவே இல்லை. சித்தி அன்றைக்குச் செய்தது என்ன என்று அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது. அதற்குள் அவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.