தாய்வீட்டு ரத்தமும் கொல்லிமலைப் பரிகாரமும்

கொல்லிமலைக்கு நான் அருவி பார்க்கப் போகவில்லை, கோபத்தோடு போனேன். என் சித்தி மகள் கவிதாவின் குழந்தை நிலா, கண்ணில் புரையோடும் காது மந்தத்தோடும் பிறந்தவள். "தாய்வீட்டு ரத்தம்" என்று கவிதாவின் மாமியார் தீர்ப்பு எழுதிவிட்டார். தலைப்பிள்ளைக்குத் தொட்டில் முதல் அரைஞாண் வரை தாய்வீட்டுச் சீர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளையின் குறைக்கும் தாய்வீடுதான் பொறுப்பாம். மலைக்கோயிலில் பரிகாரமும் எங்கள் செலவாம். இந்தப் பேச்சால் கவிதாவின் தங்கைக்குப் பார்த்த சம்பந்தமும் அந்தரத்தில் தொங்கியது.

ஆவணியில் ஒரு ஞாயிறு காலை ஆறரைக்கு, கவிதாவின் புகுந்த வீடு இருக்கும் முள்ளுக்குறிச்சியிலிருந்து நான், கவிதா, நிலா, மாமியார் நால்வரும் கிளம்பினோம். வாடகைக் கார், நாளுக்கு மூவாயிரம் ரூபாய். காரவள்ளிப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். குழந்தையோடு போகிறவர்களுக்கு முள்ளுக்குறிச்சிப் பாதையே மேல். அப்படியும் நிலா ஓங்கரித்தாள்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு வவுத்தப் பொரட்டுதுங்களா? ஓரமா நிறுத்தட்டுங்களா?" என்றார் டிரைவர்.

"அவிக ஊட்டுல எல்லாத்துக்குமே இப்பிடித்தானுங்க" என்றார் மாமியார். கார் வாந்திக்குமா பரம்பரை!

நடந்தது இதுதான். கவிதா மூன்று மாதம் முழுகாமல் இருந்தபோது, நாத்தனார் தன் மகனோடு வந்திருந்தாள். பையன் உடம்பெல்லாம் பொரிப்பொரியாகச் சிவந்திருந்தது. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள், டாக்டரிடம் காட்டவில்லை. பையனுக்கு உடம்பு துடைத்து, பக்கத்தில் படுத்து, வேப்பிலையால் வருடிவிட்டவள் கவிதா. அது ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை என்று பிறகுதான் தெரிந்தது. கிருமி அவள் வழியாகக் கருவுக்குப் போய்விட்டது.

சேலத்து டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். கிருமி தொற்றிய எல்லாக் குழந்தைக்கும் ஒரே பாதிப்பு வருவதில்லை. தாயின் மரபணுவுக்கும் அதில் பங்கு இருக்கலாம், இன்னும் ஆராய்கிறார்கள். குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. ஆனால் கிருமி வராமல் எந்த மரபணுவும் இதைச் செய்யாது, யார் குற்றமும் இல்லை என்றார். மாமியார் காதில் விழுந்தது "தாயின் மரபணு" மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறப்பளீஸ்வரர் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது மாமியாரின் போன் அடித்தது. நாத்தனார்தான். இப்போது அவள் இரண்டாவது உண்டாகியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உடம்பெல்லாம் பொரிந்திருக்கிறதாம்.

"அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காத கண்ணு! இப்பவே பொறப்பட்டு நம்மூட்டுக்கு வந்துரு சாமி!" கோயிலே திரும்பிப் பார்த்தது.

போனை வைத்ததும் கவிதா கேட்டாள்: "முழுகாம இருக்கறவ அம்மை கண்ட கொழந்தகிட்டப் போகக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா, அத்தை?"

கவிதா தட்டை அர்ச்சகரிடம் நீட்டினாள். "சாமி, எங்க அத்தை பேருக்குப் பண்ணுங்க."

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் மதியத்துக்குள் தரிசனத்தை முடித்துவிடுங்கள். இறங்கும்போது மழை பிடித்தால் நிதானமாக வாருங்கள். தங்கையின் சம்பந்தம் தகையவில்லை, போகட்டும். அவள் ரூபெல்லா தடுப்பூசி போட்டுக்கொண்டாள். கல்யாண வயதுப் பெண்கள் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் போடக் கூடாது, போட்டபின் ஒரு மாதமாவது கருத்தரிக்கக் கூடாது. பொரி கண்ட குழந்தையின் பக்கத்தில் கர்ப்பிணியை விடாதீர்கள். மகளை மட்டுமல்ல, மருமகளையும்.