குறுக்கே என்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல்

அந்தத் தாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. சிங்கப்பூரின் துவாஸில் நான் எழுத்தராக இருந்த கப்பல் பட்டறையில், இரும்புக் குழாய்களைக் கப்பலின் மேல்தளத்தில் எப்படி அடுக்க வேண்டும் என்று பொறியாளர் அனுப்பிய குறிப்பு அது. நடுவில் ‘அத்வார்ட்ஷிப்ஸ்’ என்று ஒரு சொல். அதன்மேல் விரலை வைத்தபடி சூப்பர்வைசர் அண்ணன் என் மேசை முன் வந்து நின்றார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், பதினான்கு ஆண்டுகளாக அங்கே உழைத்தவர்.

“இது எந்தப் பக்கம்மா? முன்ன, பின்ன, லெஃப்ட், ரைட்டு எல்லாம் தெரியும். இத நான் கேட்டதே இல்ல.”

எனக்கும் தெரியவில்லை. பொறியாளரைத் தொலைபேசியில் கேட்டேன். எப்போதும் செய்வதுபோலச் செய்யச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் வழக்கம்போல நீளவாக்கில் அடுக்க வைத்தார். கட்டி முடிப்பதற்குள் ஓர் இழுவைப் படகு வேகமாகக் கடந்துபோக, கப்பல் பக்கவாட்டில் ஆடியது. உருண்டு வந்த குழாய் ஒரு தொழிலாளியின் கணுக்காலை நொறுக்கிவிட்டது.

விசாரணை அறையில் அதிகாரிகள் ஆறு பேர். அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “சார், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு இங்க யாராவது சொல்லுங்க. அப்புறம் தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கறேன்.”

மொழிபெயர்க்க அழைக்கப்பட்டிருந்த நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவர் மேசைக்கடியில் கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடினார். பொறியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாட் த பாயிண்ட் லா,” என்றார் மேலாளர். கேள்வி அதுவல்ல, புரிந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்பது அவர் வாதம். தனக்கே தெரியாத சொல்லுக்கு இன்னொருவரைத் தண்டிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? தொலைபேசியில் கேட்டதைச் சொல்லவில்லை. அந்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

அண்ணனின் வேலை அனுமதி ரத்தானது. ஊருக்குக் கிளம்பும் ஞாயிறன்று லிட்டில் இந்தியாவில் பெட்டி வாங்க வந்தவரைப் பார்க்கப் போனேன். அகராதியில் தேடியிருந்ததைச் சொன்னேன். கப்பலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, குறுக்காக என்று பொருள். வட ஐரோப்பியர்களின் பழைய மொழியிலிருந்து வந்ததாம். அதே வேரிலிருந்து, ஒருவரைக் காரியம் செய்யவிடாமல் தடுப்பது என்ற பொருள் தரும் சொல்லும் ஆங்கிலத்தில் உண்டாம்.

“குறுக்கயா? அவ்வளவுதானா?” என்றார். “அந்தப் பையனோட காலு போச்சேம்மா.” பிறகு, கோபமே இல்லாமல், “நீங்க போன்ல கேட்டத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்,” என்றார்.

மறுநாளே நடந்ததையெல்லாம் எழுதி, மேலாளருக்கும் மேலே அனுப்பினேன். பதில் வரவில்லை, என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது என்பதைத்தான் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.