துருவி மேடம்

டாக்டர்களின் கிளினிக்குகளுக்குப் போய், அங்கே வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதா, நம்பிப் போகலாமா என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். துருவித் துருவிக் கேட்பதால் அலுவலகத்தில் ‘துருவி மேடம்’ என்று பட்டப்பெயர். காதில் விழும். விழாத மாதிரி போய்விடுவாள். போகிற இடத்திலும் யாரும் வாய் நிறைய வாங்க என்று சொன்னதில்லை; சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் வந்து நின்ற மாதிரிதான் பார்ப்பார்கள்.

எங்கே போனாலும் முதலில் டாக்டரைப் பார்க்கமாட்டாள். நோயாளிகளோடு நோயாளியாக பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். அன்று அந்த இரண்டு அறை கிளினிக்கிலும் அப்படித்தான். பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் தானாகவே பேச்சுக் கொடுத்தாள்.

“முதல் தடவையா வர்றீங்களாக்கா? பயப்படாதீங்க. நம்ம டாக்டர் தங்கமான மனுஷன்.”

துருவி மேடம், தன் கணவர் செத்துப் போனபோதும் இதே சொல்லைக் கேட்டிருக்கிறாள். வைத்தியம் பார்த்த டாக்டர் வீட்டுக்கே வந்து அழுதார்; தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். கணவரின் ரத்தப் பரிசோதனை முடிவு அந்த டாக்டரின் மேஜையில் பிரிக்காமலே கிடந்தது என்பதைப் பல மாதம் அலைந்து அவளேதான் கண்டுபிடித்தாள். கெட்டவனாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியாவது மனது ஆறியிருக்கும். நல்லவனை என்ன செய்வது? நர்ஸாக இருந்தவள் அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு வந்தாள்.

உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஊசிகள் புதியவை, கை கழுவுகிற இடத்தில் சோப்பு, மூலையில்கூடத் தூசி இல்லை. குறை இல்லாமல் திரும்பினால் போதும் என்று அவளுக்கே தோன்றியது. கடைசியாகத் தடுப்பூசி மருந்து வைத்திருக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். சில்லென்றுதான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த தெர்மாமீட்டர், ஏறிய சூட்டை ஞாபகம் வைத்துக்கொள்கிற வகை. பொத்தானை அழுத்தினாள். வெளியே அடிக்கிற வெயிலின் சூட்டை அது காட்டியது.

“இந்த ஃப்ரிட்ஜ் நின்னிருக்கு. யார் நிறுத்தினது?”

சீட்டு கொடுக்கும் பெண்ணின் முகம் வெளிறியது. டாக்டர் முந்திக்கொண்டார்.

“நான்தான் மேடம். பிளக்கக் கழட்டிட்டு மறந்துட்டேன்.”

“எந்த பிளக், டாக்டர்?”

அவர் தயங்காமல் கையை நீட்டினார். அவர் காட்டியது செல்போன் சார்ஜர்.

சீட்டு கொடுக்கும் பெண் அழுதேவிட்டாள். “டாக்டருக்கு ஒண்ணுமே தெரியாது மேடம். மூச்சு முட்டிக்கிட்டு பிள்ளைங்க வந்தா ஆவி புடிக்கிற மிஷின மாட்ட வயர் எட்டுற தூரத்துல வேற இடம் இல்ல. இதக் கழட்டிட்டு அத மாட்டுவேன். சில நாள் திரும்ப மாட்ட மறந்துடுவேன். அப்புறம் மாட்டினா குளிர்ந்துடுதேன்னு விட்டுட்டேன்.”

ஒரு குழந்தையின் மூச்சுக்காகச் செய்த காரியம். ஆனால் சூடு பட்ட மருந்தில் சக்தி இருக்காது. அதைப் போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு ஊசி போட்டதாகப் பேர்தான். நோய் வந்தால் தடுக்க ஒன்றும் இல்லை.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “என் பேர்லயே எழுதிக்கோங்க. வெளிய மட்டும் தெரிய வேண்டாம். சனங்க என்னை நம்புறாங்க மேடம். வர்ற பிள்ளைங்களுக்கு சத்து ஊசின்னு சொல்லி மறுபடி போட்டுடுறேன்.”

“வராத பிள்ளைக்கு?”

டாக்டர் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார்.

“அவங்க நம்புறாங்கங்கறதாலதான் டாக்டர் சொல்லணும்,” என்றாள். அதட்டவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

டாக்டர் சார்ஜரிலிருந்து போனை எடுத்து, ஒரு தாயைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“விடுங்க டாக்டர், நீங்க தங்கமான மனுஷன். உங்க கையால தப்பு வருமா?”

“வந்துடுச்சும்மா. பிள்ளையத் தூக்கிட்டு வாங்க.”

துருவி மேடம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் வீட்டுக்கு இப்படி ஒரு போன் வந்ததே இல்லை.