கோட்டுக்கு வெளியே நின்று நான் சொன்னது

ஷர்மினியின் வாயிலிருந்த விசிலைப் பிடுங்கியவன் நான்தான்.

அவளை நான் கையால் தொடக்கூட இல்லை. திடலின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, கூடாரத்து நிழலில், கையில் ஐஸ் மைலோவோடு நின்றபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

அவளுடைய அப்பாவுக்கு இது தெரியாது. போட்டியை நடத்தியவர்களுக்கும் தெரியாது. அன்று என்னோடு கோட்டோரம் நின்ற அப்பாக்கள் சிலருக்குத் தெரியும், மறந்துவிட்டவர்கள்போல் நடமாடுகிறார்கள். நானும் அப்படியே இருந்துவிடப் பார்த்தேன்... முடியவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர். அறியாதவரிடம்தான் எனக்கு வாய் வருகிறது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குக் கணீரென்ற குரல். செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவனுக்கு அது தேவையில்லாத சொத்துதான். ஆனால் கோயில் திருவிழா என்றால் அறிவிப்பாளன் நானே. கரண்ட் போனால்கூட சேகர் இருக்கும்வரை மைக் எதற்கு என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் எனக்கு எவ்வளவு குளிர்ச்சி! நல்ல தமிழ் பேசுகிறேன் என்று நாலு பேர் சொல்லக் கேட்டுக் கேட்டு, என் வாயிலிருந்து வருவதெல்லாம் நல்லதுதான் என்று நானே நம்பிவிட்டேன்.

தோட்டத்தை விற்றபோது, தொழிலாளர் லயத்தில் இருந்த எங்களுக்கு அருகிலேயே ஒரு தாமான் குடியிருப்பில் தரைவீடுகள் கிடைத்தன. அதில் என் வீட்டுக்கு அடுத்த வீடு மணியத்தினுடையது. லோரி ஓட்டுகிறவன். ஷர்மினி அவனுடைய ஒரே மகள். அவள் ஆரம்பப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா வேறொருவனோடு போய்விட்டாள். எங்கள் தாமானில் எதையும் பேசாமல் விட மாட்டோம். அதையும் விதவிதமாகப் பேசினோம். ஆனால் அந்தப் பிள்ளையின் காதுபட ஒருவர்கூட ஒரு சொல் சொன்னதில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அவள் வந்தால் பேச்சு தானாக நின்றுவிடும். சின்னப் பையன்கள்கூடச் சண்டையில் அதை எடுக்கமாட்டார்கள்.

அந்த ஒன்றைத்தான் நான் எடுத்தேன்.

ஷர்மினி பையன்களோடு காற்பந்து விளையாடி வளர்ந்தவள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் இளம் நடுவர்களுக்கான பயிற்சியில் சேர்ந்தாள். சாயங்காலங்களில் வீட்டு வாசலில் நின்று, கண்ணாடிச் சன்னலில் தன்னையே பார்த்துக்கொண்டு கையை உயர்த்துவாள், நீட்டுவாள், மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டுவாள். என் மகன் லோகன் அவள் முன்னால் தவறு செய்தவன்போல் தலை குனிந்து நின்று நடிப்பான். இருவரும் சிரிப்பார்கள். பரீட்சை முடிந்ததும் பெரியவர்கள் ஆட்டத்துக்கு நடுவராகும் அடுத்த பயிற்சிக்குப் போக வேண்டும் என்பாள். அவள் முகத்தில் நான் பார்த்த ஒரே ஆசை அதுதான்.

கோலசிலாங்கூரில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி. எங்கள் தாமான் பிள்ளைகளுடைய குழு அதில் சேர்ந்திருந்தது. மற்றவை பெரும்பாலும் மலாய்க்காரப் பிள்ளைகளின் குழுக்கள். எங்களுக்கு எப்போதும் ஒரு புலம்பல் உண்டு: நமக்கு யாரும் விசில் ஊதமாட்டார்கள், நம் பிள்ளை விழுந்தால் நடிப்பு, அவர்கள் பிள்ளை விழுந்தால் ஃபௌல். சில தடவை அது உண்மை. பல தடவை எங்கள் பிள்ளைகள் சரியாக விளையாடவில்லை. ஆனால் புலம்பல் இனிப்பானது, அதை யார் விடுவார்?

அன்று காலிறுதிக்கு நடுவர் ஷர்மினி என்று தெரிந்ததும் எங்களுக்குள் ஒரே கொண்டாட்டம். கடைசியில் நம்ம பிள்ளை கையில் விசில்! அவளை என் வேனில்தான் அழைத்துப் போனேன். பின்னால் பையன்கள் ஒரே கூச்சல். முன்னால் அவள் புதுக் காலுறையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம பசங்கள கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றேன்.

"கோட்டுக்குள்ள போயிட்டா எனக்கு யாரையும் தெரியாது மாமா" என்றாள், சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் சொன்னது விளையாட்டல்ல என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதியில் எதிரணிப் பையன் ஒருவன் உதைத்த பந்து எங்கள் கோல் முன்னால் ஒரு கையில் பட்டுத் தெறித்தது. அது லோகனுடைய கை. உயர்த்திய கை. ஷர்மினி விசில் ஊதி, பெனால்டி என்று காட்டினாள்.

நான் பார்த்தேன். கேளுங்கள், இதுதான் என் வாக்குமூலத்தின் நடுப்புள்ளி... பந்து கையில் பட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பார்த்தும் கத்தினேன்.

"கண்ணு தெரியலயா ரெஃப்ரி?" என்று ஆரம்பித்தேன். மற்ற அப்பாக்களும் சேர்ந்துகொண்டார்கள். "பயந்துட்டா லா" என்றார் ஒருவர். "அவங்க பக்கம் சாஞ்சிட்டா" என்றார் இன்னொருவர். அவள் திரும்பவே இல்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், கோட்டோரம் வரும் சத்தத்துக்குக் காது கொடுக்காதே என்று. நிமிர்ந்து நின்று பெனால்டியை எடுக்கச் சொன்னாள். கோல். ஒன்றுக்கு ஒன்று.

அவள் திரும்பாததுதான் என்னைச் சுட்டது. இத்தனை பேரைத் திரும்ப வைக்கும் குரல் இது... நேற்று முளைத்த பிள்ளை திரும்பவில்லையே!

மூச்சை இழுத்து, திருவிழாவுக்கு வைத்திருக்கும் அந்தக் குரலை எடுத்தேன்.

"ஆத்தாக்காரி புத்திதானே இதுக்கும்? எவன் கூப்புட்டாலும் அவன் பின்னால போயிரும்."

திரும்பினாள்.

அந்த முகத்தை நான் வருணிக்கப் போவதில்லை. வருணிக்க எனக்குச் சொல் கிடைக்கும், அதுதான் பயம். அழகாகச் சொல்லிவிட்டு அதற்கும் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஆள் நான்.

பக்கத்தில் நின்றவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்து மலாய்ப் பெற்றோருக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கேதான் இருக்கிறது என் கெட்டிக்காரத்தனம். மலாயில் சொல்லியிருந்தால் என்னை அப்போதே திடலை விட்டு வெளியேற்றியிருப்பார்கள். தமிழில் சொன்னால் படவேண்டியவளுக்கு மட்டும் படும். ஆத்திரத்தில் நிதானம் இழந்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிதானம் இழந்தவனுக்கு மொழியைத் தேர்ந்தெடுக்கத் தெரியுமா? சொல்லுங்கள்.

போட்டியை நடத்திய என்சிக் ரசிட் என்னிடம் வந்தார். நடுவரிடம் என்ன சொன்னீர்கள் என்று மலாயில் கேட்டார். நடுவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, என் மகனைத்தான் கூப்பிட்டேன், பின்னால் வந்து நில் என்றேன் என்று பணிவாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஷர்மினியைக் கையசைத்து அழைத்து, இவர் என்ன சொன்னார் என்று அவளிடமே கேட்டார்.

அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் என் கதை அங்கே முடிந்திருக்கும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, மகனைத்தான் கூப்பிட்டார் என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? என்னைக் காப்பாற்றவா? அப்படி நினைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் சொன்னதை அவள் மலாயில் சொல்ல வேண்டுமென்றால், தன் அம்மாவின் கதையைத் தன் வாயால், அந்நியர் ஒருவர் முன்னால், திடல் நடுவில் நின்று சொல்ல வேண்டும். நான் அவளுக்குத் தப்பிக்க வழியே வைக்கவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. அதற்குப் பிறகு அவள் விசில் சின்னதாகிவிட்டது. ஊதலாமா வேண்டாமா என்று கேட்பதுபோல் வந்தது. கடைசி நேரத்தில் எங்கள் பையன் ஒருவன் எதிரணித் தடுப்பாளனை இரண்டு கைகளாலும் தள்ளிவிட்டுப் பந்தை உள்ளே அடித்தான். எல்லாரும் பார்த்தார்கள். ஷர்மினி விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள். கொண்டுபோனவள், ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தாள்... ஃபௌலுக்கு ஊதவில்லை. கையை நீட்டி நடுவட்டத்தைக் காட்டினாள். கோல்.

நம்ம பசங்களைப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது எதிர்ப்பக்கம் கொதித்தது. அவர்கள் மலாயில் கத்தினார்கள், நியாயமாகக் கத்தினார்கள், கேவலமாகவும் கத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் என்சிக் ரசிட் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். கோபமாகக்கூட இல்லை. உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை, அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஆள் போடுகிறேன், போய் ஓய்வெடு என்றார். அது என் காதில் விழும் தூரத்தில்தான் நான் இருந்தேன். அவள் தலையாட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

போய்ச் சொல்லியிருக்கலாம். ஐயா, அவள் சரியாகத்தான் ஊதினாள், நான்தான் கெடுத்தேன் என்று. ஊரையே கூட்டும் குரல் அப்போது எங்கே போனது?

பையன்களைத் தோளில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அவள் என் வேனில் வரவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். லோகன் மட்டும் முன்னிருக்கையில், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தான். சுங்கை பூலோ ரோட்டில் திரும்பியதும் மெதுவாகச் சொன்னான்.

"பந்து என் கையிலதான் பட்டுச்சுப்பா."

"பேசாம உக்காரு" என்றேன்.

அவன் பேசாமல்தான் உட்கார்ந்தான். இன்றும் என்னிடம் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய ஆட்டங்களுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் போய் வேனிலேயே இருப்பேன், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து மணியம் வேலிப்பக்கம் வந்தான். முகம் வாடியிருந்தது.

"அண்ணே, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? விசில தூக்கி அலமாரி மேல போட்டுட்டா. அடுத்த கோர்ஸுக்கும் போகலன்றா. கேட்டா தலவலின்றா. நீங்க அங்கதானே இருந்தீங்க?"

அவன் என்னை முழுசாக நம்பிக் கேட்டான்.

"பிள்ளைக்கு பிரஷர் தாங்கல போல மணியம்" என்றேன். "பொம்பளப் பிள்ளதானே. விட்டுரு."

"ஆமாண்ணே" என்றான். எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான்.

திடலில் சொன்னதையாவது ஆத்திரம் என்று பூசி மறைக்கலாம். இதை எதைப் பூசி மறைப்பேன்?

சென்ற மாதம் என் மனைவியின் பிறந்தநாளுக்கு, ஆற்றைத் தாண்டி பாசிர் பெனம்பாங்கில் மீன் சாப்பிடப் போனோம். மேசைக்கு ஓடர் எடுக்க வந்தவள் ஷர்மினி. கல்லூரி விடுமுறையில் அங்கே வேலை செய்கிறாளாம். அடுத்த வீடுதான் என்றாலும், நான் வாசலுக்கு வந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். இவ்வளவு அருகில் பார்த்து நீண்ட காலமாகியிருந்தது.

"அத்தை, பொறந்த நாளா? சொல்லவே இல்ல" என்று என் மனைவியின் கையைப் பிடித்தாள். "என்னடா லோகன், வளந்துட்ட. இன்னும் டிஃபென்ஸ்லதான் விளையாடுறியா?" என்றாள். அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தே வெகுநாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மினுமான், என்சிக்?"

குடிக்க என்ன வேண்டும், ஐயா. மாமா என்று கூப்பிட்ட வாயால், கடைக்கு வரும் யாரோ ஒரு மலாய்க்காரரைக் கேட்பதுபோல் கேட்டாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனைவி சிரித்துவிட்டாள். "என்னடி, மாமாகிட்ட போயி மலாய் பேசுற?"

"கடையில பேசிப் பேசி பழக்கமாயிருச்சு அத்தை" என்றாள் ஷர்மினி.

இரண்டாவது முறையாக அவள் எனக்காகப் பொய் சொன்னாள்.

மனைவியும் லோகனும் கை கழுவ எழுந்து போனார்கள். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன். என் குரல் அவ்வளவு தாழும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

"ஷர்மினி... மாமா அன்னைக்கு உன்ன அப்படிச் சொன்னது..."

துடைப்பதை நிறுத்தினாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள். அன்று திடலில் திரும்பிப் பார்த்த அதே கண்.

"மாஃப், என்சிக்" என்றாள். "சாயா தாக் பஹாம்."

மன்னிக்கவும் ஐயா. நீங்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை.

துணியை மடித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் சாப்பாடு வந்தது. என் தட்டையும் மற்றவர்கள் தட்டைப் போலவே பார்த்துப் பார்த்து வைத்தாள். "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொன்னேன். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனாள்.